மூக்குக் கிட்டாரின் இரண்டு கம்பிகள்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். ஒன்பது ஜெனரேட்டர் வண்டிக்குச் சொந்தக்காரன் ஆனேன். மூன்று கல்யாண மண்டபங்களுக்கு ஒலி அமைப்பு செய்து கொடுத்தேன். ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் பாதித் தூரம் என் ஒயர்தான் ஓடியது. கொட்டிய மழையில் ஒரு ஜாயின்ட் கூட யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. கடை இரண்டு தடவை எரிந்தது. இரண்டு தடவையும் அதே இடத்தில் கட்டினேன். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதி ஒன்றில் தியான மண்டபத்துக்கு ஸ்பீக்கர் வைத்தபோது, அவர்கள் நாட்டு இன்ஜினியர் ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று கேட்டார். புளியமரத்தில் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. குழாய் ஸ்பீக்கரைத் தோளில் கட்டிக்கொண்டு மரம் ஏறிய உங்களுக்கு விளங்கும்.

நம் மைக் செட்காரர்கள் சங்கத்து விழா மலருக்கு அச்சடிக்கப் போகிற பக்கங்களைப் போன வாரம் என் கடைக்குக் கொண்டுவந்து காட்டினீர்கள். பதினோராம் பக்கத்தில் என் பெரியம்மா மகனின் படம். கோட்டு போட்ட படம். கீழே, ‘நம் ஊர் மூக்குக் கிட்டாருக்குக் குரல் கொடுத்தவர்’ என்று போட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன். மாறவில்லை. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வயதுக்குப் பிறகும் பொறாமையா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், பொறாமைதான். ஐம்பது வருஷமாக வயிற்றில் எரிகிற அடுப்பு, ஒரு மாலை போட்டதும் அணைந்துவிடுமா? ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

அவன் என்னைவிட நாற்பது நாள் மூத்தவன். அக்காளும் தங்கையும் ஒரே தாய்வீட்டில் அடுத்தடுத்துப் பெற்றார்கள். அவனுக்குக் கட்டிய தூளியில் ஒரு ஓரமாகத்தான் என்னையும் போட்டார்களாம். அன்று தொடங்கியது. நாற்பது நாளுக்காக நான் அவனை அண்ணா என்று கூப்பிட வேண்டும். ‘டா’ போட்டால் அம்மா வாயில் அடிப்பாள்.

பதின்மூன்று வயதில் இரண்டு பேரும் மாமா கடையில் இருந்தோம். எங்கள் அம்மாக்களின் தம்பி அவர். சின்னக்கடைத் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தார். அவனுடைய அப்பா அம்மாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் கடலைக்காடு. டவுனில் படிக்கட்டும் என்று மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வருவான். நான் காலையிலிருந்தே கடை. என் நைனாவுக்கு நெஞ்சு நோவு வந்து படுத்த வருஷம் என் படிப்பு நின்றது.

அந்தக் கடையின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் சூடான கண்ணாடி வால்வு, தூசி கருகும் வாடை, ஈயம் வைக்கும்போது எழும் ரெசின் புகை. ரெசினை ஒரு பழைய பவுடர் டப்பாவில் வைத்திருப்போம், சாம்பிராணிக் கட்டி மாதிரி இருக்கும். சுவரில் எட்டுக் குழாய் ஸ்பீக்கர்கள் வாயைப் பிளந்துகொண்டு தொங்கும்.

நிகழ்ச்சிக்குப் போனால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை வேறு வேறு. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கும். அதில் உட்காருகிறவன் பாட்டுக்காரனுக்கு எத்தனை சத்தம், தபேலாவுக்கு எத்தனை சத்தம் என்று குமிழைத் திருகுவான். ஊரே அவனைப் பார்க்கும். இன்னொருவன் குழாயைத் தூக்கிக்கொண்டு மரம் ஏறுவான். கட்டிவிட்டு, காற்றில் திரும்பாமல் பார்த்துக்கொள்ள அங்கேயே கிளையில் இருப்பான். அவனைச் சிவப்பு எறும்பைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள். மரம் ஏறியது யார் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்டூலில் அதுவரை மாமாவே உட்கார்ந்தார். அந்தக் கல்யாண சீசனோடு எங்களில் ஒருவனை உட்காரவைக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.

“மீட்டர் புடிக்கத் தெரிஞ்சவன்தான் ஸ்டூல்ல குந்தணும்” என்றார்.

“எனக்குக் குடுத்தாதான மாமா தெரியும்?”

“நீ தொட்டா முள்ளு ஒடிஞ்சிடும். முள்ளு ஜாஸ்தி விலைடா.”

ஆனால் மீட்டர் தொடாமலே நான் ஒன்று கற்றிருந்தேன். ஒருநாள் ஒரே கிளையில் இரண்டு குழாயைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டினேன். கீழே நின்று கேட்டால் சத்தத்துக்கு வயிறே இல்லை. பேசுகிறவர் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது மாதிரி கேட்டது. மேலே ஏறி ஒரு குழாயின் இரண்டு கம்பிகளை மட்டும் இடம் மாற்றிப் போட்டேன். சத்தம் திரும்பி வந்துவிட்டது. ஒன்று வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால் இரண்டும் சேர்ந்து ஒன்றை ஒன்று தின்றுவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “காதுல அழுக்கு அடைச்சிகினு இருக்கும், போய் கழுவு” என்றார். பெரியவர்கள் சொன்னால் சொன்னதுதான், அந்தக் காலத்தில்.

அந்தச் சித்திரையில்தான் கிட்டார் வந்தது.

ஊரில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அதில் கிட்டார் வாசித்தவர் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். நாங்கள் கம்பவுண்டர் அண்ணன் என்போம். பகலில் ஊசி, சாயங்காலத்தில் தந்தி. மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கிய எலக்ட்ரிக் கிட்டார் அது. பழுத்த மிளகாய் நிறம், ஓரம் மட்டும் கறுப்பு. தந்திக்குக் கீழே கறுப்புச் சோப்புக்கட்டி மாதிரி இரண்டு பிக்கப் இருக்கும். உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. தந்தி அதிர்ந்தால் அந்தக் காயிலில்தான் சத்தம் மின்சாரமாகிறது. முன் பிக்கப் குண்டுக் குரல், பின் பிக்கப் கீச்சுக் குரல். ஒரு சிறிய சுவிட்சைத் தள்ளினால் முன் மட்டும், பின் மட்டும், அல்லது இரண்டும் சேர்ந்து பேசும்.

“பின்னாடி செத்துப் போச்சிங்க. முன்னாடி மட்டும்தான் பேசுது” என்று மாமாவின் மேசையில் அதைப் படுக்கவைத்தார் கம்பவுண்டர் அண்ணன். பிணத்தைக் கொண்டுவந்த முகம்.

மாமாவுக்கு ஆம்ப்ளிஃபயர் தெரியும், கிட்டார் தெரியாது. பெரியம்மா மகன் பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். மின்சாரம் ஓடுகிறதா என்று காட்டும் மீட்டரின் இரண்டு ஒயரையும் காயிலில் வைத்தான். முள் அசையவில்லை.

“காயில் அறுந்துபோச்சி மாமா. வேர்வை இறங்கி உப்பு பூத்திருக்குது. வேற சுத்தணும்.”

“இத்தினி மெல்லிசு கம்பிக்கு எங்கடா போறது?”

டெலிபோன் ஆபீஸ் ஏலத்தில் வந்த, ரிலே என்கிற பழைய காந்த சுவிட்ச் ஒன்று மூலையில் கிடந்தது. அதன் காயிலில் அதே மாதிரிக் கம்பி இருப்பதை அவன் கண்டுபிடித்தான். கண்டுபிடித்தது அவன்தான், ஒத்துக்கொள்கிறேன். நான் பொய் சொல்லி முன்னுக்கு வந்தவன் இல்லை.

ஆனால் சுற்றுவது எப்படி? விரலால் சுற்றினால் ஆடி மாசம் ஆகிவிடும். பக்கத்துக் கடை டெய்லர் பாயின் தையல் மிஷினைக் காட்டியது நான். பாபினில் நூல் சுற்றும் சின்னச் சக்கரம் அதில் இருக்கிறதல்லவா, அதில் பிக்கப் சட்டத்தை அரக்கு வைத்து ஒட்டினோம். பாய் பெடல் மிதித்தார். அவன் கம்பியை இரண்டு விரலுக்கு நடுவே தளரவிட்டுப் பிடித்தான். அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு ஆள் மூச்சு விட்டால் இன்னொரு ஆள் முறைப்பார்.

“அரே தம்பி, இது சட்டையா பாவாடையா?” என்றார் பாய் மிதித்துக்கொண்டே.

“கிட்டாருக்கு ஸ்வெட்டர் பாய்” என்றேன்.

“சிரிக்க வெக்காத. காலு தப்பிடும்.”

எண்ணுவது என் வேலை. எவ்வளவு சுற்று என்று அவன் ஏதோ நோட்டில் போட்டுப் பார்த்து, இத்தனை மிதி என்று கணக்குச் சொன்னான். ஐம்பது மிதிக்கு ஒரு வேர்க்கடலை எடுத்துத் தட்டில் வைக்கச் சொன்னான். கடலை அவன் ஊரிலிருந்து வந்தது, அப்போதுதான் வறுத்தது. வாசனை தாங்காமல் தட்டிலிருந்து மூன்றைத் தின்றுவிட்டேன். அவன் கணக்கு முடிந்தது என்று நிறுத்தியபோது உண்மையில் நூற்றைம்பது மிதி அதிகம் ஓடியிருந்தது. அந்தப் பின் பிக்கப் அப்புறம் அத்தனை கனமாகப் பேசியதே, அது அவன் நோட்டுக் கணக்கால் இல்லை. ஜாஸ்திச் சுற்றால். அந்த ஜாஸ்தி என் வயிற்றால் வந்தது. இதையும் எங்கேயும் எழுதவில்லை யாரும்.

டோன் குமிழ் கரகரத்தது. கம்பவுண்டர் அண்ணன் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்து, நோயாளியின் கையைத் துடைப்பது மாதிரித் துடைத்தார். அவன் ஈயம் வைத்தான். குண்டூசித் தலை அளவு, பளபளவென்று. சுவிட்சைத் தள்ளினார்கள். முன், சரி. பின், சரி. இரண்டும் சேர்ந்தபோது கடையிலிருந்த தகரமெல்லாம் அதிர்ந்தது. கம்பவுண்டர் அண்ணன் அவன் தலையைப் பிடித்து ஆட்டினார்.

“படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்” என்றார் மாமா. அடுத்த வார்த்தையாக, “இனிமே ஸ்டூல்ல நீ குந்து” என்றார்.

நான் தட்டில் மிச்சமிருந்த கடலைத் தோலை ஊதிக்கொண்டு நின்றேன். மிஷினைக் காட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு கல்யாணங்களுக்கு அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். கால்மேல் கால் போட மாட்டான், அது எனக்கு இன்னும் எரிச்சல். போட்டிருந்தால் திமிர் பிடித்தவன் என்றாவது சொல்லியிருக்கலாம். அடக்கமாக முதுகை நேராக வைத்துக்கொண்டு, எண்ணெய் வைத்த தலையோடு, குமிழைப் பூப்போலத் திருகுவான். மேலே இருந்து பார்த்தால் அவன் உச்சி வகிடு தெரியும். அந்த வகிட்டில் ஒரு செங்கல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நினைத்தேன்.

மூன்றாவது நிகழ்ச்சி அவனுடைய ஊரிலேயே வந்தது. கீழ்பென்னாத்தூரில் ஒரு கடலை மண்டிக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. பெரியம்மாவும் பெரியப்பாவும் வருவார்கள். மகன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதை ஊரே பார்க்கும். என்னை வேப்பமரத்தில் பார்க்கும்.

அன்று மத்தியானம் மாமாவும் அவனும் சாப்பிடப் போனார்கள். கிட்டார் மேசையில் இருந்தது. வேனில் ஏற்ற ஒரு மணி நேரம் இருந்தது. சால்டரிங் அயர்னைச் சொருகினேன். பின்பக்கத் தகட்டின் நான்கு திருகைக் கழற்றினேன். பின் பிக்கப்பிலிருந்து இரண்டு கம்பிகள் வரும். அந்த இரண்டையும் எடுத்து இடம் மாற்றி வைத்தேன். மரத்தில் குழாய்க்குச் செய்ததைக் கிட்டாருக்குச் செய்தேன், ஆனால் தலைகீழாக. அங்கே சத்தத்தைத் திருப்பிக் கொண்டுவர மாற்றினேன். இங்கே சத்தத்தைச் சாகடிக்க மாற்றினேன். தனித்தனியாக வாசித்தால் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் உறுமல் கூடும், அவ்வளவுதான். மேடையில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் அத்தனையும் குழைந்துபோகும். அவன் அம்மா முன்னால் அவன் வேலை நாறும். ஸ்டூல் எனக்கு வரும். அவசரத்தில் என் ஈயம் பட்டாணி அளவுக்கு உருண்டது. ஊதி ஆறவைத்துத் தகட்டை மூடினேன்.

சாயங்காலம் ஆறு மணி. வெளிச்சம் இருந்தது. தெருவை அடைத்துப் பந்தல், ஒரு பக்கம் பந்தி. நான் வேப்பங்கிளையில் குழாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பெரியம்மா முன்வரிசையில், பட்டுப்புடவையில். கம்பவுண்டர் அண்ணன் முதல் நான்கைந்து பாட்டுக்கு முன் பிக்கப்பில் மட்டும் தாளம் தட்டினார். தனியாக வாசிக்கிற இடம் வந்தால்தான் இரண்டையும் சேர்ப்பார். எனக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் விரல் சுவிட்சுக்குப் போகிறதா என்று பார்த்தேன்.

ஒரு சோகப் பாட்டு எடுத்தார்கள். நடுவில் பாடகர் நிறுத்தினார். கம்பவுண்டர் அண்ணன் ஒரு அடி முன்னால் வந்து சுவிட்சைத் தள்ளினார்.

சத்தம் சாகவில்லை. மெலிந்தது. குண்டுக் குரல் எல்லாம் வடிந்துபோய், ஜலதோஷம் பிடித்த பெண்பிள்ளை மூக்கால் பாடுகிற மாதிரி, தூரத்துக் கோயில் நாயனம் காற்றில் அலைந்து வருகிற மாதிரி, ஒரு குரல் வந்தது. அப்படி ஒன்றை நானும் கேட்டதில்லை. கம்பவுண்டர் அண்ணன் திடுக்கிட்டு ஸ்டூலைப் பார்த்தார். ஸ்டூலில் இருந்தவன் முகம் வெளுத்துவிட்டது. அவன் கை குமிழுக்கும் மடிக்குமாகப் போய்ப் போய் வந்தது. நான் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் வாசிப்பதை நிறுத்தியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் குரலுக்கு ஏற்ற மாதிரி விரலை மெதுவாக்கினார். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியைத் தரையில் வைத்துவிட்டு நின்றார். முடித்ததும் பந்தல் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல்.

“இன்னொரு வாட்டி! அதே பாட்டு! அந்த மூக்கு சத்தம் வரணும்!” என்று மண்டிக்காரரே எழுந்து கத்தினார்.

மூன்று தடவை வாசித்தார்கள்.

நான் இறங்கி வந்தபோது கம்பவுண்டர் அண்ணன் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “இன்னாடா பண்ணி வெச்ச இதுல?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் கண் கிட்டாரின் பின்பக்கத் தகட்டிலேயே இருந்தது. பெரியம்மா அவன் கன்னத்தை வழித்து நெற்றியோரம் நெட்டி முறித்தாள். என்னைப் பார்த்து, “ஏன்டா கழுத்தெல்லாம் வீங்கியிருக்குது?” என்றாள்.

“எறும்பு பெரிம்மா.”

“மரத்துல ஏறுனா கடிக்காம இன்னா பண்ணும்” என்றாள், அன்பாகத்தான்.

மறுநாள் காலையில் கடையில் நானும் அவனும் மட்டும் இருந்தோம். அவன் தகட்டைக் கழற்றினான். உள்ளே பார்த்தான். ஈய உருண்டையை விரலால் தொட்டுப் பார்த்தான்.

“இவ்ளோ மொத்தமா நான் ஈயம் வெக்க மாட்டேன்” என்றான்.

“அதுக்கு?”

“நீதான தொட்ட?”

“மீட்டரே குடுக்காத கடையில அயர்ன் குடுத்துடுவாங்களா எனக்கு? நான் இல்ல.”

“கோவத்துல பேசாத. மாமா கிட்ட சொல்லட்டுமா?”

“சொல்லிப் பாரு. உன் புஸ்தகம் அத்தினியும் கொளுத்திடுவேன்.”

அவன் என் முகத்தையே பார்த்தான். “அப்ப சரி” என்று சொல்லி, கம்பியைத் தொடாமல் தகட்டை மூடித் திருகுகளை முடுக்கினான்.

மாமாவிடம் மாட்டிவிடத்தான் கேட்டான் என்று நான் ரொம்ப வருஷம் நம்பினேன். மாமாவின் பெல்ட் அடியை நினைத்துத்தான் ‘நான் இல்ல’ என்று சொன்னேன். இப்போது அந்த முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். கள்ளனைப் பிடித்தவனின் களை அதில் இல்லை. பாராட்டு எனக்கில்லை, இவன் செய்தது என்று மாமாவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்ட முகமாகவும் அது இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அவனுக்கு அவ்வளவு நல்ல குணத்தைக் கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

மூக்குக் கிட்டார் என்ற பெயர் அந்த வாரமே நிலைத்தது. எண்பதுகளின் தொடக்கம் வரை அந்தக் குழுவுக்கு முகூர்த்தநாள் ஒன்று காலி கிடையாது. வேலூரிலிருந்தும் ஆரணியிலிருந்தும் கிட்டார்க்காரர்கள் வந்து திறந்து பார்த்தார்கள். எல்லோரும் காயிலையே பார்த்தார்கள், கம்பி எங்கே போகிறது என்று எவனும் பார்க்கவில்லை. எப்படி வந்தது என்று அவனைக் கேட்டால், “தானா அமைஞ்சிது அண்ணே” என்பான். அந்த அடக்கத்துக்கும் அவனுக்கே பாராட்டு. நான் பக்கத்தில் குழாய் துடைத்துக்கொண்டிருப்பேன்.

பத்தாவது முடித்ததும் அவன் பாலிடெக்னிக் படிக்க மெட்ராஸ் போனான். “சரி, இனிமே நீ குந்து” என்றார் மாமா. அதே ஸ்டூல்தான். ஆனால் காலியானதால் கிடைத்தது, ஜெயித்துக் கிடைக்கவில்லை. இந்த வித்தியாசம் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

கிட்டார் இன்று இல்லை. கம்பவுண்டர் அண்ணன் போளூரில் சொந்தமாக மருந்துக் கடை போட்டுக்கொண்டு போனார். அங்கே கிட்டார் பரணில் கிடந்து கரையான் ஏறியது. அவர் காலத்துக்குப் பிறகு தேடிப் போனேன். உடம்பு அடுப்புக்குப் போய்விட்டது, கழுத்தை மட்டும் துணி உலர்த்த வைத்திருந்தார்கள். பிக்கப்பைப் பற்றிக் கேட்டேன். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். ஆகவே என் பட்டாணி ஈயத்தைக் காட்டி உங்களை நம்பவைக்க எனக்கு வழியில்லை. என் வார்த்தை ஒன்றுதான் இருக்கிறது.

பதினோராம் பக்கத்தை மாற்றுங்கள். காயில் சுற்றியவர் என்று அவன் பெயரைப் போடுங்கள், தடுக்கவில்லை. கம்பியை மாற்றி அந்தக் குரலைக் கொண்டுவந்தவர் என்று என் பெயரைப் போடுங்கள், அதே எழுத்து அளவில். கெடுக்கத்தான் செய்தான் என்று எழுத வேண்டுமா? எழுதிக்கொள்ளுங்கள். பொறாமையில் செய்தான் என்று எழுத வேண்டுமா? அதையும் எழுதுங்கள், எனக்கு வெட்கமில்லை. பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். விழா அன்று அவன் சென்னையிலிருந்து வருகிறானாமே. மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். எல்லோர் முன்னாலும் மைக்கை அவனிடம் கொடுத்து, யார் தொட்டது என்று என்னைக் கேட்கச் சொல்லுங்கள். இந்தத் தடவை ‘நான் இல்ல’ என்று சொல்ல மாட்டேன்.